பல்லுக்கும் வயதுக்கும் ஒரே சொல்

"குதிரைக்கு ஒரு வயதென்றால் மனிதக் கணக்கில் எத்தனை வயது?" என்று உங்கள் பிள்ளை கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? மூன்றால் பெருக்கு என்று பலரும் சொல்லிவிடுகிறார்கள். 30 வயதுக் கிழட்டுக் குதிரைக்கு இக்கணக்கு ஏறக்குறையச் சரிவரும். குட்டிக்குச் சரிவராது. பிறந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் எழுந்து நின்று பால் குடிக்கும் பிராணி அது! ஒரு வயதுக் குதிரைக்குட்டியை ஆறேழு வயதுப் பிள்ளையோடுதான் ஒப்பிட வேண்டும். இரண்டு வயதில் அதற்கு நம் கணக்கில் 13. நான்கில் ஏறத்தாழ 20. அதன்பின் வேகம் குறைந்து, ஆண்டொன்றுக்கு இரண்டரை ஆண்டு வீதம் கூடும். ஆகவே 20 வயதுக் குதிரை, அறுபதை எட்டிய மனிதர்.

அரபிகள் பெருக்கிப் பார்க்கவில்லை, வாயைத் திறந்து பார்த்தார்கள். அரபு மொழியில் 'ஸின்னு' என்ற சொல் பல்லையும் குறிக்கும், வயதையும் குறிக்கும். நடு முன்பற்கள் விழுந்து நிலைப்பல் முளைக்கும் மூன்றாம் ஆண்டில் குதிரை 'தனிய்'. அடுத்த பற்கள் மாறும்போது 'ரபாஃ'. ஐந்தாம் ஆண்டில் பல் மாற்றம் முடிந்தால் 'காரிஹ்'. குர்பானி ஆடு வாங்கும்போது 'தனிய்' என்ற சொல்லை நீங்களும் கேட்டிருப்பீர்கள். சொல் ஒன்றுதான், ஆண்டுக் கணக்கு பிராணிக்குப் பிராணி வேறுபடும்.

இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்கிறீர்களா? பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் பந்தயக் குதிரைகள் அனைத்துக்கும் ஜனவரி 1ஆம் திகதியே பிறந்தநாள். மே மாதம் பிறந்த குட்டிக்கும் ஜனவரி வந்தால் ஒரு வயது! ஏட்டில் இரண்டு வயதானதும் முதுகில் ஆளை ஏற்றி ஓடவிடுகிறார்கள். குதிரையின் முதுகெலும்பு முற்றாக முதிர ஐந்து ஆண்டுக்கு மேல் செல்லும். 13 வயதுப் பிள்ளையின் முதுகில் அரிசி மூட்டையை ஏற்றி ஓடச் சொன்னால் பெற்ற மனம் பொறுக்குமா? எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

மறுகோடியில், இங்கிலாந்தில் படகு இழுத்த 'ஓல்ட் பில்லி' என்ற குதிரை 62 ஆண்டுகள் வாழ்ந்து 1822இல் இறந்தது. அதன் மண்டையோடு மான்செஸ்டர் நூதனசாலையில் இருக்கிறது. அதற்கு எந்தப் பெருக்கலும் செல்லாது.

சாதாரணக் குதிரைக்கு 20 தாண்டினால் பற்கள் தேய்ந்துவிடும். புல்லை மெல்ல மாட்டாமல் பாதி மென்ற உருண்டையாகத் துப்பும். உணவு வெறுத்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. மூத்தம்மாவுக்குக் கஞ்சி காய்ச்சுவதைப் போல, அதற்கும் தீனை நீரில் ஊறவைத்து மெதுவாக்கிக் கொடுக்க வேண்டும்.