கோட்டை அடுப்பு

கோட்டை அடுப்பு என்பது திருமணம், கந்தூரி, அன்னதானம் போன்ற பெருவிருந்துகளுக்காகத் தரையில் நீளமாக வெட்டப்படும், அல்லது செங்கல்லும் மண்ணும் கொண்டு வரிசையாகக் கட்டப்படும் விறகடுப்பு ஆகும். இது காடியடுப்பு என்றும் அழைக்கப்படுகின்றது. தமிழகத்தின் பல பகுதிகளிலும் வழங்கும் இவ்வடுப்பு, காவிரிப் படுகையின் தென்கோடியில், திருவாரூர் மாவட்டத்தில் அமைந்துள்ள முத்துப்பேட்டை போன்ற கடலோர ஊர்களில் இலைச்சாப்பாட்டுக்கும் நெய்ச்சோற்று விருந்துக்கும் ஒருங்கே பயன்பட்டு வந்துள்ளது.

இவ்வடுப்பில் நெருப்பைத் திருகி உடனே கூட்டவோ அணைக்கவோ இயலாது. மூட்டிய தீ ஓங்கி எரிந்து, பின் தணிந்து, கங்காகி அடங்கும். ஆகவே பத்துப் பன்னிரண்டு வகை உணவுகளைப் பல பந்திகளுக்குச் சூடு குறையாமல் பரிமாற வேண்டுமாயின், எந்த உணவு எந்த நேரத்தில் அடுப்பில் ஏற வேண்டும் என்பதை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும்.

அமைப்பு

காடியின் அகலம் அதன்மேல் அமரும் கலத்தின் அடியகலத்தைவிடக் குறைவாக இருக்கும். கலம் இருபுறக் கரைகளின்மேல் அமர, அடியில் நெருப்பு நீளவாக்கில் ஓடும். காற்று ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியேற வேண்டும் என்பதால், காடி பெரும்பாலும் காற்றின் போக்கை ஒட்டியே வெட்டப்படுகின்றது. கடற்கரையை அடுத்த ஊர்களில் பிற்பகலில் காற்றின் திசை மாறிவிடுவதுண்டு. அப்போது தீ கலத்தின் ஒரு பக்கமே சாய்ந்து, அப்பக்கம் மட்டும் அடிப்பிடிக்கும். படுகையின் தாழ்ந்த நிலப்பகுதிகளில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சிறிது தோண்டினாலே நீர் ஊறும். அக்காலங்களில் காடி வெட்டாமல் தரைக்கு மேல் செங்கல் அடுக்கி அடுப்பு அமைப்பதே நடைமுறைக்கு ஏற்றது.

வீட்டு அடுப்பில் இதன் சிறு வடிவம் ஒன்று உண்டு. முதன்மை அடுப்பின் வெப்பம் ஒரு துளை வழியாகப் பக்கத்துக் குழிக்குச் செல்லுமாறு அமைப்பது கொடியடுப்பு எனப்படும். முன்னடுப்பில் சோறு கொதிக்கும்போது கொடியடுப்பில் குழம்பு சூடாறாமல் இருக்கும். ஒரே நெருப்பிலிருந்து வெவ்வேறு அளவு வெப்பத்தைப் பெறும் கருத்து இதிலேயே அடங்கியுள்ளது.

அடுப்பைச் சுற்றித் தென்னங்கீற்றுத் தட்டி கட்டிக் காற்றை மறைப்பது பழைய வழக்கம். இது ஆபத்தானது. 2004 ஆம் ஆண்டு சூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளி ஒன்றின் சமையலறையில் பற்றிய தீ கீற்றுக் கூரைக்குப் பரவியதில் 94 குழந்தைகள் உயிரிழந்தனர். பெருவிருந்துக்கு அடுப்பு அமைப்போர் கீற்றுப் பந்தலிலிருந்து அடுப்பைத் தொலைவில் வைப்பதும், மறைப்புக்குத் தகரத்தைப் பயன்படுத்துவதும், நீர்த்தொட்டி ஒன்றை அருகில் நிரப்பி வைப்பதும் இன்றியமையாதவை ஆகும்.

எரிபொருள்

கடலோர மணற்பாங்கில் பயிரிடப்படும் சவுக்கு சிறந்த விறகாகக் கருதப்படுகின்றது. சீராக எரிந்து, நெடுநேரம் நிற்கும் கங்கைத் தருவதே இதற்குக் காரணம். தென்னை மட்டையும் பாளையும் தீமூட்டப் பயன்படும். விரைவில் எரிந்து விடுவதால் அவற்றை நம்பி உலை வைக்க முடியாது. முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடு காப்புக்காடு ஆகும். அங்கே விறகு வெட்டுதல் கூடாது. மேலும், அங்கு காணப்படும் தில்லை மரத்தின் பால் கண்ணுக்குப் பெருந்தீங்கு விளைவிப்பது.

தேவைப்படும் விறகின் அளவை எளிய கணக்கால் மதிப்பிடலாம். 100 லிட்டர் நீரை 30 பாகை செல்சியசிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 29 மெகாசூல் வெப்பம் வேண்டும். நன்கு காய்ந்த விறகு ஒரு கிலோகிராமுக்கு ஏறத்தாழ 16 மெகாசூல் வெப்பத்தைத் தரும். திறந்த அடுப்பில் இதில் 10 முதல் 15 விழுக்காடே கலத்தைச் சென்று சேர்வதாகக் கொண்டால், 12 முதல் 18 கிலோகிராம் விறகு செலவாகும். சுமார் 25 கிலோகிராம் அரிசியை வடித்துச் சமைக்க இவ்வளவு நீர் தேவை. இது உலை கொதிப்பதற்கு மட்டுமே ஆன கணக்கு. ஈர விறகாயின் அதிலுள்ள நீரை ஆவியாக்குவதற்கே வெப்பத்தின் ஒரு பகுதி வீணாகும், புகையும் பெருகும்.

கலமும் சூடும்

ஒரே வடிவமுடைய இரு கலங்களில் ஒன்று 1 லிட்டரும் மற்றொன்று 125 லிட்டரும் கொள்ளுமாயின், பெரிய கலத்தின் நீள அகல உயரங்கள் சிறியதைப்போல் 5 மடங்கு இருக்கும். அதன் மேற்பரப்பு 25 மடங்கே. கொள்ளளவோ 125 மடங்கு. வெப்பம் மேற்பரப்பின் வழியே வெளியேறுவதால், பெரிய கலம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வேகத்திலேயே ஆறும். அண்டாவில் உள்ள சாம்பார் மூடி வைத்தால் நெடுநேரம் சூடாக இருப்பதும், அதிலிருந்து வாளிக்கு மாற்றியதும் விரைவில் ஆறிப்போவதும் இதனாலேயே. பந்திக்குப் பந்தி வாளியில் சிறிது சிறிதாக எடுத்துச் செல்வது வெறும் பழக்கமன்று.

சமையல் வரிசை

படுகையின் இலைச்சாப்பாட்டில் இனிப்பு, பச்சடி, பொரியல், கூட்டு, வடை, அப்பளம் ஆகியவை இலையில் வைக்கப்பட, சோற்றுடன் பருப்பு நெய், சாம்பார், காரக்குழம்பு அல்லது மோர்க்குழம்பு, இரசம், பாயசம், மோர் எனத் தொடரும். சமைக்கும் வரிசை இதிலிருந்து முற்றிலும் வேறுபட்டது. நெடுநேரம் வேகவேண்டிய பருப்பு, தீ ஓங்கி எரியும் தொடக்கத்திலேயே ஏற்றப்படும். அடுத்துக் குழம்பு வகைகள். அதே தீயின் தணிந்த முனையில் பாயசம் மெதுவாகச் சுண்டும். வடையும் அப்பளமும் ஆறினால் நமத்துப்போகும் என்பதால் பந்தி தொடங்கும் வேளையில்தான் பொரிக்கப்பட வேண்டும். பொரிக்கும் எண்ணெய் 170 முதல் 180 பாகை செல்சியசு அளவில் நிற்க வேண்டியிருப்பதால், தணிந்த கங்கின்மேல் சட்டியை வைத்து, எரியும் கட்டைகளை முன்னே தள்ளியும் பின்னே இழுத்தும் சமையற்காரர் வெப்பத்தை ஆள்கிறார். கோட்டை அடுப்பில் மிகுந்த திறன் வேண்டுவது இவ்விடத்திலேயே ஆகும்.

சோறு ஒரே முறையில் ஆக்கப்படுவதில்லை. முதற்பந்தி உண்ணும்போதே அடுத்த பந்திக்கான உலை கொதித்துக் கொண்டிருக்க வேண்டும். மொத்தச் சோற்றையும் விடியற்காலையிலேயே வடித்துக் கொட்டி வைப்பது எளிது, ஆனால் நல்லதன்று. அரிசியிலுள்ள சில நுண்ணுயிர்களின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடக்கும் சோற்றில் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். மீண்டும் சூடாக்கினாலும் அந்நஞ்சு நீங்காது. சமைத்த உணவு 60 பாகை செல்சியசுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது பொதுவான பாதுகாப்பு விதி. கடைசிப் பந்தியில் அமர்பவர்கள் பெரும்பாலும் வேலை செய்தவர்களும் உறவில் நெருங்கியவர்களுமே. வரிசை தவறினால் ஆறிய சோறு அவர்களுக்கே வந்து சேரும்.

நெய்ச்சோறும் தம்மும்

முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் முதலிய ஊர்களின் இசுலாமியர் விருந்துகளில் நெய்ச்சோறு அல்லது பிரியாணி, இறைச்சிக் கறி, தாளிச்சா, கத்தரிக்காய்ப் பச்சடி, இனிப்பு ஆகியவை இடம்பெறும். சகன் எனப்படும் பெரிய தட்டைச் சுற்றிப் பலர் அமர்ந்து ஒன்றாக உண்பது இவ்வூர்களின் மரபு. விருந்துச் சமையற்காரர் பண்டாரி எனப்படுகிறார்.

தேக்சா எனப்படும் அகன்ற கலத்தில் அரிசி நீரை ஏறத்தாழ முழுவதும் உறிஞ்சியதும், அடியிலிருந்து எரியும் விறகு முழுவதும் வெளியே இழுக்கப்படும். மூடியின் விளிம்பு ஈரத்துணியாலோ மாவாலோ அடைக்கப்பட்டு, மூடியின்மேல் கங்கு அள்ளிப் போடப்படும். மேலும் கீழும் மென்மையான வெப்பம் பட, உள்ளே அடைபட்ட நீராவியில் அரிசி பதமாகின்றது. இதுவே தம். இங்கு கோட்டை அடுப்பு அடுப்பாக அன்றி, வெதுப்பியாக வேலை செய்கின்றது. விறகின் புகையே இச்சோற்றின் சுவைக்குக் காரணம் எனப் பரவலாகக் கூறப்பட்டாலும், இறுக மூடிய கலத்துள் புகை நுழைவதற்கு வாய்ப்புக் குறைவு. மெல்லத் தணியும் வெப்பமே முதன்மைக் காரணம் எனக் கொள்வது பொருத்தமானது.

வார்ப்பிரும்பு அடுப்புடன் ஒப்பீடு

ஐரோப்பாவில் இதே சிக்கலுக்கு வேறு வகையில் தீர்வு காணப்பட்டது. 1912 ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவரும், அதே ஆண்டில் வெடிவிபத்து ஒன்றில் பார்வையிழந்தவருமான சுவீடன் நாட்டுப் பொறியாளர் குசுத்தாவ் தாலேன், 1922 இல் ஆகா என்னும் வார்ப்பிரும்பு அடுப்பை உருவாக்கினார். கனத்த இரும்பு வெப்பத்தைச் சேமித்து வைக்க, சிறு நெருப்பு இடைவிடாது எரிந்துகொண்டிருக்கும். கொதிக்கவைக்க ஒரு தட்டு, மெல்ல வேகவைக்க ஒரு தட்டு, வாட்டுவதற்கும் சூடு காப்பதற்கும் தனித்தனி வெதுப்பிகள் என வெப்பம் பிரிக்கப்பட்டிருந்தது. தட்டின் மூடியைத் திறந்து வைத்தால் சேமித்த வெப்பம் வெளியேறிவிடும். ஆகையால் பல வகை உணவுகளுடன் விருந்தளிப்போர், மேல்தட்டுகளைச் சிறிது நேரமே பயன்படுத்திப் பெரும்பகுதியை வெதுப்பிகளில் சமைப்பர். கோட்டை அடுப்பில் மண்ணும் பெருங்கலமும் செய்யும் பணியை அங்கு இரும்பு செய்கின்றது. ஆகாவில் வெப்பநிலைகள் இடத்தால் பிரிக்கப்பட்டுள்ளன; கோட்டை அடுப்பிலோ அவை பெரும்பாலும் காலத்தால் பிரிகின்றன.

புகையும் இன்றைய நிலையும்

விறகுப் புகையின் சுமை சமைப்பவர் மீதே விழுகின்றது. வீட்டுச் சமையற்புகை முதலிய வீட்டுக் காற்று மாசினால் 2020 ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. திறந்தவெளியில் அமைவதால் கோட்டை அடுப்பின் புகை கலைந்துவிடும் என்றாலும், நாள் முழுவதும் அருகில் நிற்கும் விருந்துச் சமையற்காரருக்கு அது சிறிய ஆறுதலே. திருமண மண்டபங்களில் பெரிய எரிவாயு அடுப்புகள் பரவியதற்குப் புகையின்மையுடன், தீயை நினைத்தவுடன் கூட்டிக் குறைக்க முடிவதும் காரணமாகும். தம் பிரியாணிக்கு மட்டும் இன்றும் பல இடங்களில் விறகே விரும்பப்படுகின்றது.

2018 நவம்பர் 16 அன்று கசா புயல் இப்பகுதியைத் தாக்கியபோது தென்னைகள் பெருமளவில் சாய்ந்தன. பல ஊர்களில் மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. மின் அரவை இயந்திரமும் மின்னடுப்பும் பயனற்றுப்போகும் இத்தகைய நாட்களில், செங்கல்லும் விறகும் மட்டுமே வேண்டும் இவ்வடுப்பில் ஊருக்கே பொதுவாக உலை வைக்க முடிகின்றது.