பழைய மோட்டார் வண்டியின் மின்கம்பிகள்

மோட்டார் வண்டி பெற்றோலினால் ஓடுகிறது என்பர். அது பாதி உண்மையே. எஞ்சின் உட்கொண்ட பெற்றோல் ஆவியைத் தக்க கணத்திலே பற்றவைக்கும் சிறு மின்பொறி இல்லாவிடின், எத்துணை வலிய எஞ்சினும் வெறும் இரும்புப் பாரமாகும். இவ்வுண்மையை அனுபவத்தினால் நன்கறிந்தவர்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இங்கிலாந்திலிருந்து வந்த சிறு வண்டிகள் குடாநாட்டு வீதிகளில் நெடுங்காலம் ஓடின. 1947இல் வெளிவந்த ஓஸ்ரின் ஏ 40, 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனர், பின்னர் வந்த ஓஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஆகியன அவற்றுட் சில. மணமக்களை ஏற்றியவையும், நள்ளிரவில் நோயாளரை ஆசுபத்திரிக்குக் கொண்டோடியவையும் இவையே. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் புதிய வண்டிகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, உள்ளவற்றைப் பேணும் தொழில் நம்மவரிடையே ஒரு கலையாகவே வளர்ந்தது.

அக்கலைக்குக் கடுஞ்சோதனை 1990இல் வந்தது. போர் மீண்டும் மூண்டபின், எரிபொருளும் பற்றரிகளும் குடாநாட்டுக்கு வருவது தடைப்பட்டது. துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. நேயர்கள் பலர் அதனை மறந்திரார். வண்டிகளோ மண்ணெண்ணெயில் ஓடின. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலைக் காபுறேற்றரில் விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெயைச் செலுத்தினர். அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின்கள் இதனை ஒருவாறு தாங்கின. ஆனால் மண்ணெண்ணெய்ப் புகை பிளக்குகளிலே கரியாய்ப் படியும். கரி படிந்த பிளக்கில் மெலிந்த பொறி எழாது. ஆதலின் எரிபற்றல் அமைப்பு பழுதின்றி இருந்த வண்டியே நம்பி ஏறத்தக்கதாயிற்று.

அவ்வமைப்பின் இயல்பு யாது? அமெரிக்கப் பொறியியலாளர் சார்ள்ஸ் கெற்றரிங் என்பார் வகுத்த முறையே இவ்வண்டிகளிலும் உள்ளது. 1912ஆம் ஆண்டுக் கடிலாக் வண்டியில் எஞ்சினை மின்சாரத்தால் இயக்கித் தொடக்குதல், எரிபற்றல், விளக்கு ஆகிய மூன்றையும் அவர் ஒரே அமைப்பாக இணைத்தார். பற்றரியின் 12 வோல்ற் மின்சாரம் சாவி ஆளியினூடாகக் கொயிலை அடைகிறது. கொயிலின் தடை ஏறத்தாழ 3 ஓம் ஆதலின், 4 அம்பியர் மின்னோட்டம் அதிற் பாய்ந்து காந்தப்புலத்தை உண்டாக்கும். டிஸ்ரிபியூட்டரினுள்ளே ‘பொயின்ற்’ என வழங்கும் சிறு தொடுமுனைகள் விலகும் கணத்தில் மின்னோட்டம் அறுந்து, காந்தப்புலம் சரிகிறது. அச்சரிவினால் கொயிலின் நுண்கம்பிச் சுற்றிலே பல்லாயிரம் வோல்ற் பிறந்து, பிளக்கிற் பொறியாய்ப் பாய்கிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 முறை சுழலும்போது செக்கனுக்கு 100 பொறிகள் எழ வேண்டும். இத்துணைப் பெருவேலையும் ஒரு மெல்லிய வெள்ளைக் கம்பியை நம்பியே நடக்கிறது.

அக்கம்பி மூப்படைவதே பழைய வண்டிகளின் பெருநோய். 1950களின் தொடக்கத்து வண்டிகளில் இறப்பர் பூசிப் பருத்தி நூல் பின்னிய கம்பிகளே பெரும்பாலும் இருந்தன. வெப்பத்தினால் இறப்பர் இறுகி வெடிக்கும். உள்ளிருக்கும் செம்பு வெளிப்படும். இங்கே ஓர் அபாயம் உண்டு. லூக்காஸ் முறையில் அமைந்த அக்கால வண்டிகள் பலவற்றில் பியூஸ்கள் இரண்டே. பற்றரியிலிருந்து வரும் மண்ணிறக் கம்பிக்கும், சாவியிலிருந்து கொயிலுக்குச் செல்லும் வெள்ளைக் கம்பிக்கும் பியூஸ் இல்லை. வண்டி இடைவழியில் நின்றுவிடலாகாது என்பதே அதன் நோக்கம். ஆனால் காவலி சிதைந்த மண்ணிறக் கம்பி வண்டியின் உடலைத் தொடுமாயின், தடுப்பார் இன்றிப் பாயும் மின்சாரம் கம்பியைப் பழுக்கக் காய்ச்சிவிடும். வண்டி முழுவதும் எரிந்து போதற்கு அதுவே போதும். எனவே சிதைந்த கம்பிக்கு நாடா சுற்றி நாட்கடத்துதல் சிக்கனமன்று.

புதிய கம்பி இடுவோர் முதலிற் பற்றரியின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். பழைய கம்பிகள் அனைத்தையும் ஒருங்கே பிடுங்கி எறிதல் கூடாது. நூற்பின்னலின் நிறம் மங்கியிருக்குமாதலின், ஒவ்வொரு முனையிலும் சீட்டுக் கட்டி, படம் வரைந்து, ஒன்றைக் கழற்றி ஒன்றை இடுவதே நன்று. நிறங்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. மண்ணிறம் பற்றரியிலிருந்து என்றும் மின்சாரமுள்ளது; வெள்ளை சாவி திறந்தால் மின்சாரம் பெறுவது; பச்சை அதன்பின் பியூஸைக் கடந்து துணைக்கருவிகளுக்குச் செல்வது; நீலம் முன்விளக்கு; சிவப்பு பக்கவிளக்கும் பின்விளக்கும்; கறுப்பு ஏர்த். கிடைத்த நிறத்தை இட்டு வேலையை முடிப்பவர், பின்னொரு நாள் இருளிற் பழுது தேடப்போகும் மற்றொருவருக்குப் பொறி வைத்தவராவார்.

முதலில் எரிபற்றலை மட்டும் இணைத்துச் சோதித்தல் வேண்டும். 12 வோல்ற் சிறு விளக்கொன்றே இதற்குப் போதிய கருவி. சாவியைத் திறந்து, கொயிலின் ஆளிப்பக்க முனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே விளக்கை வைத்தால் அது எரிய வேண்டும். டிஸ்ரிபியூட்டர்ப் பக்க முனையில் வைத்து எஞ்சினைக் கையாற் சுழற்றினால், பொயின்ற் விலகும்போது எரிந்து, சேரும்போது அணைய வேண்டும். அணையாதெனில் பொயின்ற் அழுக்கேறியது, அல்லது சேரவில்லை. முதல் முனையில் எரிந்து மறுமுனையில் ஒருபோதும் எரியாதெனில், கொயில் அறுந்தது, அல்லது பொயின்றோ கொண்டென்சரோ உடலோடு ஒட்டிக்கொண்டது.

சென்ற மின்சாரம் திரும்புதற்கும் வழி வேண்டும். அவ்வழி வண்டியின் இரும்பு உடலே. எப்பக்கமும் கடலும் களப்பும் சூழ்ந்த குடாநாட்டில் உப்புக்காற்று இவ்வழியைத்தான் முதலில் அடைக்கிறது. ஒரு விளக்கை ஏற்ற மற்றொன்று மங்குமாயின், பிழை பெரும்பாலும் துருவேறிய ஏர்த் இணைப்பிலேயே உள்ளது. இரும்பு பளிச்சிடும்வரை சுரண்டி, இறுக முடுக்கி, மேலே கிறீஸ் பூசினால் அப்பிழை தீரும்.

இனித் துணைக்கருவிகள். பழைய டைனமோ 20 அம்பியர் அளவே தரும். எஞ்சின் மெதுவாய் ஓடும்போது அதுவும் இல்லை. வாற்றை வோல்றால் வகுத்தால் அம்பியர் கிடைக்கும். 42 வாற் முன்விளக்கு இரண்டும் 7 அம்பியரை உண்ணும். அவற்றின்மேல் மேலதிக விளக்குகளை ஏற்றுவோர் பற்றரியின் முதலையே தின்கின்றனர். எக்கருவியையும் கொயிலின் வெள்ளைக் கம்பியிற் பிணைத்தல் ஆகாது. அக்கருவியின் பழுது எஞ்சினையும் நிறுத்திவிடும். பச்சைக் கம்பியிலிருந்தோ தனிப் பியூஸிலிருந்தோ எடுப்பதே முறை.

வானொலியைப் பொருத்துவோர்க்கு இரு எச்சரிக்கைகள் உண்டு. இவ்வண்டிகளில் பற்றரியின் நேர்முனையே உடலோடு இணைந்துள்ளது. இக்கால வானொலிகளுக்கோ எதிர்முனையே உடல். இதனையறியாது வானொலியை வண்டியின் இரும்பில் முடுக்கினால், அது நொடியிற் கருகும். மற்றது ஒலியைப் பற்றியது. 1887இல் ஜெர்மனிய அறிஞர் ஹேர்ட்ஸ் மின்பொறியைக் கொண்டே வானொலி அலைகளை உண்டாக்கிக் காட்டினார். பிளக்கிலே தெறிக்கும் பொறியும் அத்தகைய அலைபரப்பியே. பாட்டினிடையே கேட்கும் கரகரப்பு அதன் குரல். அதனை அடக்கும் கொண்டென்சரைக் கொயிலின் ஆளிப்பக்க முனையில் இட வேண்டும்; மறுமுனையில் இட்டால் எரிபற்றலே கெடும்.

2002 ஏப்பிரலில் ஏ 9 வீதி திறந்தபின் புதிய வண்டிகள் குடாநாட்டை நிறைத்தன. எனினும் பழைய ஓஸ்ரினையும் மொறிசையும் போற்றுவோர் இன்றும் உளர். வெளிப்பூச்சின் பளபளப்பை யாவரும் காண்பர். பூச்சின் கீழே ஓடும் கம்பியை எவரும் காணார். ஆனால் நள்ளிரவில் நோயாளியோடு புறப்படும் வண்டி ஆசுபத்திரி வாயிலை அடைவது அக்கம்பியினாலேயே.