தூக்கிப் போடாதீங்க பாஸ்!

செமஸ்டர் முடிஞ்சு ஹாஸ்டல் ரூமைக் காலி பண்றீங்களா? சிம்போசியம் பேனருக்கு வாங்கின பெயின்ட், கட்டிலுக்கு அடியில சுருண்டு கிடக்குற டிராயிங் ஷீட்... எல்லாம் குப்பைக்கா? கொஞ்சம் வெயிட் பண்ணுங்க!

போன வருஷம் நானும் அப்படித்தான் கொட்டிட்டு ஊருக்குப் போனேன். மறுநாளே பக்கத்து வீட்டு வாண்டு, 'அண்ணா, க்ரேயான் இருக்கா?'னு வந்து நிக்கிறான். என்கிட்ட ஒண்ணுகூட இல்லை!

இந்த வருஷம் உஷாராயிட்டேன். உடைஞ்ச க்ரேயான்களோட பேப்பரை உரிச்சு, சமையலுக்கு ஆகாத பழைய கிண்ணத்தில் போட்டு, அதைக் கொதிக்கிற தண்ணிப் பாத்திரத்துக்குள்ள வெச்சு உருக்குங்க. மெழுகாச்சே... நேரா அடுப்புல வெச்சா ஆபத்து! பேப்பர் கப்பில் கொஞ்சமா ஊத்தி ஆறவிட்டா, குண்டு க்ரேயான் ரெடி. திரி போட்டு மெழுகுவத்தி ஆக்கிடாதீங்க. கலர்ப்பொடி திரியை அடைச்சுடும்.

காய்ஞ்சுபோன போஸ்டர் கலர்ல கொஞ்சம் தண்ணி விட்டு ராத்திரி ஊறவிடுங்க. பெரும்பாலும் உயிர் வந்துடும். அதோட பசை தண்ணியில கரையும். அக்ரிலிக்? காய்ஞ்சா அது பிளாஸ்டிக் படலம். தண்ணி ஊத்தி நான் பல்பு வாங்கினதுதான் மிச்சம்! அந்தப் படலத்தை உரிச்சு, வெட்டி, வாழ்த்து அட்டையில ஒட்டிடலாம்.

டிராயிங் ஷீட்டோட வெள்ளைப் பின்பக்கம்? மடிச்சா சூப்பர் ஃபைல் கவர்.

வாண்டுக்கு ஆறு குண்டு க்ரேயான் கொடுத்தாச்சு. இப்ப அவன் வீட்டுச் சுவர் முழுக்க ஓவியம். அவங்கம்மாதான் என்னைத் தேடறாங்க!