விற்பனைக்கு ஒரு பழைய வீடு

பினாங்குத் தலைநகரான ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களில் நடந்து செல்வோர் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. வரிசையாக ஒட்டி நிற்கும் வீடுகளுக்கு நடுவே ஒடுங்கிய முகப்புடைய ஒரு சிறிய வீடு. சுவரில் புதிய வண்ணம். செப்பனிடப்பட்ட மரச் சன்னல்கள். கதவில் 'விற்பனைக்கு' என்ற அறிவிப்பு. பார்ப்பவருக்கு அது ஓர் அழகான வீடு. ஆனால், அதை வாங்குபவர் செங்கல்லையும் மரத்தையும் மட்டும் வாங்குவதில்லை. சில கடமைகளையும் சேர்த்தே வாங்குகிறார்.

இத்தகைய வீட்டைக் 'கடைவீடு' என்பர். கீழ்த்தளத்தில் வணிகம் நடக்கும். மேல்தளத்தில் குடும்பம் வாழும். ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவர் வரை மர உத்திரங்கள் மேல்தளத்தைத் தாங்குகின்றன. ஆகவே, வீட்டின் அகலம் உத்திரத்தின் நீளத்தைப் பொறுத்தே அமைந்தது. முகப்பு குறுகியதாக இருந்தாலும், வீடு பின்னோக்கி நீண்டு செல்லும். இரு பக்கமும் அண்டை வீட்டுச் சுவர்கள் இருப்பதால் அங்குச் சன்னல் வைக்க இயலாது. அப்படியானால், நடுப்பகுதிக்கு வெளிச்சமும் காற்றும் எப்படிக் கிடைக்கும்? அதற்காகவே கூரையில்லாத ஒரு முற்றத்தை வீட்டின் நடுவே விட்டனர். வெப்பக் காற்று அதன் வழியே மேலேறும். மழைநீரும் ஒளியும் உள்ளே இறங்கும். வீட்டின் முன்னே, மேல்தளத்தின் கீழ், 'ஐந்தடி' எனப்படும் நடைபாதை இருக்கும். வெயிலிலும் மழையிலும் வழிப்போக்கர் ஒதுங்கிச் செல்ல அது உதவும்.

புதுப்பிக்கப்பட்ட வீட்டில் கண்ணுக்கு முதலில் தெரிவது வண்ணம்தான். ஆயினும், உண்மையான சோதனை வண்ணத்துக்கு அடியில் இருக்கிறது. பழைய சுவர்கள் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் கட்டப்பட்டவை. நிலத்தடி ஈரம் செங்கல் வழியே மெல்ல மேலேறும். சுண்ணாம்புப் பூச்சில் நுண்துளைகள் இருப்பதால், அந்த ஈரம் ஆவியாகி வெளியேறிவிடும். விரைவாக வேலையை முடிக்க விரும்புவோர் சுண்ணாம்புக்குப் பதிலாகச் சிமெண்டைப் பூசுகின்றனர். சிமெண்டுப் பூச்சு ஈரத்தை எளிதில் வெளியே விடாது. வழி அடைபட்ட ஈரம் இன்னும் உயரே ஏறுகிறது. அதிலுள்ள உப்பு படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்குகிறது. சுவருக்குள் செருகப்பட்ட உத்திரத்தின் முனையும் மெல்ல உளுத்துப்போகிறது. புதிதாகத் தோன்றும் சுவர் சில ஆண்டுகளிலேயே உப்பிப் பெயர்வதற்கு இதுவே காரணம்.

எனவே, பழைய வீட்டை வாங்க நினைப்பவர் சுவரின் அடிப்பகுதியில் வெண்மையான உப்புப்பூச்சு உள்ளதா, வண்ணம் கொப்பளித்துள்ளதா, உத்திரத்தில் கரையான் அரித்துள்ளதா, கூரை ஓடுகள் ஒழுகுகின்றனவா என்று ஆராய வேண்டும். வெளித்தோற்றத்தை மட்டும் நம்பி வாங்கினால் பின்னர் பெருஞ்செலவு நேரும்.

இனி, கடமைகளைப் பார்ப்போம். 2008 ஜூலை 7ஆம் நாள், மலாக்காவுடன் இணைந்து ஜார்ஜ் டவுன் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது. அதன் மையப் பகுதியின் பரப்பளவு ஏறத்தாழ 109 ஹெக்டர். இப்பகுதியில் உள்ள பாரம்பரிய வீட்டின் உரிமையாளர் தம் விருப்பப்படி முகப்பை இடிக்கவோ கூரையை மாற்றவோ முடியாது. பணி தொடங்குமுன் மாநகர் மன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். வீடு ஒருவருடையது; அதன் தோற்றமோ தெருவில் நடக்கும் எல்லாருக்கும் உரியது.

அப்படியானால், வீட்டைப் பாதுகாத்தால் நகரமும் பாதுகாக்கப்பட்டுவிடுமா? இதற்கு விடை காண, சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 1948 ஜனவரி 31க்கு முன் கட்டப்பட்ட வீடுகளின் வாடகையை 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குறைவாகவே வைத்திருந்தது. கிடைத்த வாடகை பழுதுபார்க்கப் போதாததால் உரிமையாளர் பலர் வீடுகளைக் கவனிக்கவில்லை. அதே வேளையில், கைவினைஞர்களும் சிறு வணிகர்களும் நகரின் நடுவிலேயே வாழ முடிந்தது. இச்சட்டத்தை நீக்கும் சட்டம் 1997இல் இயற்றப்பட்டது. 2000ஆம் ஆண்டு தொடங்கியபோது கட்டுப்பாடு முடிவுக்கு வந்தது. வாடகை உயர்ந்தது. பல குடும்பங்கள் நகரை விட்டு வெளியேறின. உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்த பின்னர், சுற்றுலாவும் பெருகி, பல கடைவீடுகள் தங்கும் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறின.

இம்மாற்றத்தை முற்றிலும் தீமை என்று ஒதுக்கிவிட முடியாது. பணம் போட ஆள் இல்லாதிருந்தால் அவற்றுள் சில வீடுகள் இடிந்து விழுந்திருக்கும். எனினும், யுனெஸ்கோ இந்நகரைத் தேர்ந்தெடுத்தது கட்டடங்களுக்காக மட்டுமன்று. குவின் தெருவில் 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோவில், இந்திய முஸ்லிம்கள் நிறுவிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல், சீனர்களின் குலச் சங்க மண்டபங்கள் ஆகியவை சிறிது தொலைவுக்குள்ளேயே அமைந்துள்ளன. பல இன மக்கள் இங்கு அருகருகே வாழ்ந்து வளர்த்த பண்பாடும் இத்தேர்வுக்குக் காரணமாகும். பூக்கட்டுபவரும் மரவேலை செய்பவரும் மசாலை அரைப்பவரும் அகன்றுவிட்டால், தெரு அழகாக இருக்கும். ஆனால், அதன் உயிர் குறைந்துபோகும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ஜார்ஜ் டவுனில் பல வீடுகள் கோவில்கள், பள்ளிவாசல்கள், குலச் சங்கங்கள் ஆகியவற்றுக்குச் சொந்தமானவை. இத்தகைய உரிமையாளர்கள் நியாயமான வாடகைக்கு வீடுகளைக் குடும்பங்களுக்கு விட்டால், பழைய தெருக்களில் மீண்டும் குழந்தைகளின் குரல் கேட்கும். தனியாரும் வாங்கிய வீட்டில் தாமே குடியிருக்கலாம். கீழ்த்தளத்தை ஒரு கைவினைஞருக்கு வாடகைக்குக் கொடுக்கலாம்.

சுண்ணாம்பு பூசிய சுவர் ஈரத்தை வெளியே விட்டு நெடுங்காலம் நிற்கிறது. நகரமும் தன் மக்கள் வாழ இடம் கொடுத்தால்தான் நிலைத்து நிற்கும். 'விற்பனைக்கு' என்ற அறிவிப்பைக் காணும்போது, "இதன் விலை என்ன?" என்று கேட்பதோடு, "இங்கு இனி யார் வாழ்வார்?" என்றும் கேட்பது நம் கடமையாகும்.