கரு தங்கும் முன்பே தட்டில் இருக்கட்டும் முருங்கைக்கீரை

விதைப்பதற்கு முன்பே அடியுரம் இட்டு நிலத்தைத் தயார் செய்கிறீர்கள். குழந்தைக்குத் திட்டமிடும் பெண்ணின் உடலுக்கும் அதே கணக்குதான். கருவின் மூளையாகவும் தண்டுவடமாகவும் வளரும் நரம்புக்குழாய், கரு உருவான 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. அப்போது பல பெண்களுக்குக் கர்ப்பம் என்பதே தெரிந்திருக்காது. அந்தக் குழாய் சரியாக மூடத் தேவையானது ஃபோலேட் சத்து. கீரையிலும் பாசிப்பருப்பிலும் அது நிறைய உண்டு. முருங்கைக்கீரையில் இரும்புச்சத்தும் சேர்ந்தே கிடைக்கிறது.

தேவையானவை (4 பேருக்கு)

உருவிய முருங்கைக்கீரை 4 கைப்பிடி, பாசிப்பருப்பு 50 கிராம், சின்ன வெங்காயம் 10, பூண்டு 4 பல், காய்ந்த மிளகாய் 2, தேங்காய்த் துருவல் 2 மேசைக்கரண்டி, எண்ணெய், கடுகு, உளுந்து, உப்பு, எலுமிச்சை அரை மூடி.

செய்முறை

பாசிப்பருப்பை மலராமல் பதமாக வேகவைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் கடுகு, உளுந்து, மிளகாய் தாளித்து, வெங்காயம், பூண்டை வதக்குங்கள். கழுவிய கீரையைப் போட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து, உப்பு சேர்த்து 5 நிமிடம் வதக்கினால் போதும். பருப்பையும் தேங்காயையும் சேர்த்துக் கிளறி இறக்குங்கள்.

ஃபோலேட் தண்ணீரில் கரையும், சூட்டில் அழியும். எனவே கீரையை வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டாதீர்கள், நெடுநேரம் வேகவிடாதீர்கள். சாப்பிடும்போது எலுமிச்சை பிழிந்துகொண்டால் இரும்புச்சத்து உடலில் நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ, காபி குடித்தால் அது தடைபடும். ஒரு மணி நேரமாவது கழியட்டும்.

சமையலுக்கு ஒரு மரம்

காய்க்காக மருந்தடிக்கும் மரத்தில் கீரை பறிக்காதீர்கள். கொல்லையில் ஒரு மரத்தை வீட்டுக்கென ஒதுக்குங்கள். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி வந்தால், மரத்தில் கூட்டமாக இருக்கும்போதே தீப்பந்தம் காட்டி அழிக்கலாம். இலை தின்னும் இளம்புழுக்களுக்கு, லிட்டருக்கு 50 கிராம் வீதம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஊறவைத்து வடிகட்டிய கரைசலைத் தெளிக்கலாம். கிளைகளை அவ்வப்போது கவாத்து செய்தால் கைக்கு எட்டும் உயரத்தில் தளிர் கிடைக்கும்.

கீரை மட்டும் போதுமா?

முருங்கை சாப்பிட்டால் குழந்தை தங்கும் என்று ஊரில் சொல்வதுண்டு. கீரை உடலைத் தயார்படுத்தும். குழந்தையின்மைக்கு அது மருந்தல்ல. குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களுக்குத் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் பரிந்துரைக்கப்படுகிறது. அதைக் கீரையோடு சேர்த்து, மாத்திரையாகவும் எடுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ கேளுங்கள். ஓராண்டு முயன்றும் கரு தங்காவிட்டால், பெண்ணை மட்டும் குறை சொல்லாமல் கணவனும் மனைவியும் சேர்ந்தே பரிசோதனைக்குச் செல்லுங்கள். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே செல்வது நல்லது.

களப்பணியாளர்களே, வீட்டுத்தோட்ட விதை கொடுக்கப் போகும்போது, புதிதாக மணமான வீடுகளில் இந்த 28 நாள் கணக்கையும் சொல்லிவிட்டு வாருங்கள்.