ஐந்து நிலங்களும் ஓர் இருப்புப்பாதையும்

வானூர்தியில் செல்பவர் ஊர்களைக் காண்கிறார். இரயிலில் செல்பவர் ஊர்களுக்கு இடைப்பட்ட நாட்டையும் காண்கிறார். மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. விடுமுறைக்கு ஊர் திரும்புகையில், மண்ணின் நிறம் மாறுவதையும், நடைமேடையில் விற்போரின் மொழி மாறுவதையும் சன்னலோரம் அமர்ந்து கண்டே இந்நாட்டின் அகலத்தை நாம் அறிந்துகொண்டோம்.

அப்பழக்கத்தை விடாமல், இத்தாலியின் தலைநகராகிய ரோமிலிருந்து வடமேற்குத் துறைமுகமாகிய ஜெனோவா வரை இரயிலிலேயே செல்வது என நண்பர்களாகிய நாங்கள் இருவரும் முடிவு செய்தோம். எங்களுள் ஒருவர் இருப்புப்பாதைப் பொறியியலில் நெடுநாள் பணியாற்றியவர். மற்றவர் பள்ளியில் வரலாறு கற்பித்தவர். ஆகவே ஒருவர் பாதையைப் பார்த்தார். மற்றவர் பாதையோரத்தைப் பார்த்தார். இருவர் கண்டதையும் சேர்த்தே இங்குக் கூறுகின்றோம்.

ரோம் நகரின் தலைமை நிலையத்துக்கு 'தெர்மினி' என்று பெயர். இருப்புப்பாதை முடியும் இடம் என்பதால் வந்த பெயரென்று பலரும் எண்ணுவர். உண்மை வேறு. ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன் டயோக்ளீஷியன் என்னும் பேரரசர் பெயரால் எழுந்த பொது நீராட்டு மண்டபங்கள் நிலையத்தின் எதிரே இன்றும் நிற்கின்றன. நீராடுமிடத்தைக் குறிக்கும் சொல்லே நிலையத்தின் பெயராயிற்று. நிலையத்தின் வாயிலருகே கி.மு. 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த கோட்டைச் சுவரின் ஒரு பகுதியும் உள்ளது. 1950-இல் திறக்கப்பட்ட இன்றைய முகப்பு மண்டபம், அச்சுவரை இடிக்காமல் அதன் அருகே அடக்கமாக அமைந்திருக்கிறது.

அங்கிருந்து விரைவு வண்டியில் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் பிளாரன்ஸ். இந்நகரின் பேராலயத்தின் மேலுள்ள குவிமாடத்தை 1420-க்கும் 1436-க்கும் இடையே கட்டியவர் புருனெல்லெஸ்கி என்னும் சிற்பி. ஏறத்தாழ 45 மீட்டர் அகலமுள்ள வெளியை மூட வேண்டும். தரையிலிருந்து மரச்சாரம் எழுப்பித் தாங்குவதற்கோ வழியில்லை. அவர் ஒன்றினுள் ஒன்றாக இரண்டு ஓடுகளை அமைத்து, செங்கற்களை மீன்முள் வடிவில் அடுக்கி, ஒவ்வொரு சுற்றும் தன்னைத்தானே தாங்குமாறு செய்தார். எங்கள் பொறியியலார் படியேறி உள்ளே சென்று அச்செங்கல் வரிசையைக் கண்டார். கீழே இறங்கி வந்த பின்னும் நெடுநேரம் அவர் பேசவில்லை.

பிளாரன்ஸிலிருந்து பீசாவுக்குச் சாதாரண வண்டியே போதும். இங்கு ஓர் எச்சரிக்கை. இத்தகைய வண்டிகளுக்குக் காகிதச் சீட்டு வாங்கினால், ஏறுமுன் நடைமேடையிலுள்ள சிறு பொறியில் அதைச் செருகி முத்திரை பெறவேண்டும். நாங்கள் ஒருமுறை மறந்தோம். சீட்டு வாங்கியிருந்தும் அபராதம் செலுத்தினோம். குற்றம் எங்களுடையதே.

பீசாவின் சாய்ந்த கோபுரத்தை அறியாதார் இல்லை. 1173-இல் தொடங்கிய கட்டடம் மூன்றாம் தளம் எழும்போதே மென்மையான நிலத்தில் தென்பக்கமாக அமிழத் தொடங்கிற்று. பலமுறை நின்று, 14-ஆம் நூற்றாண்டிலேதான் முற்றுப்பெற்றது. சாய்வு ஆண்டுதோறும் வளரவே, 1990-இல் கோபுரத்தை மூடினார்கள். பின்னர் வடபக்கத்து அடிமண்ணைச் சிறிது சிறிதாக உறிஞ்சி எடுத்து, உச்சியை நாற்பது சென்டிமீட்டருக்கு மேல் பின்வாங்கச் செய்து, 2001-இல் திறந்தார்கள். சாய்வை அவர்கள் ஒழிக்கவில்லை, வீழ்ச்சியைத் தடுத்தார்கள். பழமை தானே நிற்பதில்லை. அதனை நிறுத்துவோர் வேண்டும். இவ்வுண்மையைப் பீசாவில் கேட்டோம்; அடுத்துச் சென்ற கடற்கரைச் சிற்றூர்களில் கண்ணாரக் கண்டோம்.

பீசாவிலிருந்து கடலோரமாக வடக்கே செல்லும்போது வலப்பக்கத்து மலைகள் பனி மூடியவை போல வெண்மையாகத் தோன்றும். அது பனியன்று, கராரா என்னும் ஊரின் பளிங்குக்கல் வெட்டுக்குழிகள். மைக்கேலாஞ்சலோ 1501 முதல் 1504 வரை செதுக்கிய தாவீதின் சிலைக்குக் கல் தந்த மலை அதுவே. முந்தைய நாள் பிளாரன்ஸில் கண்ட சிலையின் தாய்மடியை வண்டியிலிருந்தே கண்டோம்.

அடுத்துக் கடற்படைத் தளமாகிய லா ஸ்பெட்சியா. இங்கு வண்டி மாறினால் ஐந்து சிற்றூர்கள்: ரியோமஜோரே, மனரோலா, கொர்னீலியா, வெர்னாட்சா, மொன்தெரோசோ. இவற்றைச் சேர்த்து 'சின்குவே தெர்ரே' என்பர். 'ஐந்து நிலங்கள்' என்பது அதன் பொருள். ஐந்து நிலம் என்றதும் தமிழர் உள்ளம் குறிஞ்சி முதலாகிய திணைகளை நினைக்கும். இங்கோ ஐந்தும் ஒரே வகை: தலை குறிஞ்சியிலும் கால் நெய்தலிலும் இருக்கும் ஊர்கள். மலை செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது; இடையே சமநிலம் என்பதே இல்லை. கடற்கொள்ளையர்க்கு அஞ்சிய முன்னோர் பாறைப் பிளவுகளில் வீடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினர். கொர்னீலியா மட்டும் ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் குன்றின்மேல் உள்ளது. நிலையத்திலிருந்து ஊருக்குப் போகச் சுமார் 380 படிகள். எங்கள் வயதுக்கு அது ஒரு சிறு பழனி.

சமநிலமில்லாத இடத்தில் உழவு எப்படி? பல நூற்றாண்டுகளாக அம்மக்கள் சரிவை வெட்டி, கிடைத்த கல்லைக்கொண்டே சுவர் எழுப்பி, பின்னால் மண் நிரப்பிப் படிப்படியாக வயல் அமைத்தனர். அவற்றில் திராட்சையும் ஒலிவமும் விளைந்தன. அச்சுவர்களில் சாந்து இல்லை. இது வறுமையால் வந்த குறையன்று. அறிவால் வந்த முறை. சாந்து பூசிய சுவர் மழைநீரைத் தேக்கும். தேங்கிய நீரின் கனம் சுவரைத் தள்ளிச் சாய்க்கும். கல்லை மட்டும் அடுக்கி, பின்னால் சிறுகல் நிரப்பினால், நீர் கசிந்து வெளியேறும்; மண் தங்கும். ஆனால் ஒரு கல் நழுவினாலும் உடனே எடுத்து வைக்க ஆள் வேண்டும். ஒரு சுவர் சரிந்தால் அதன் கனம் கீழுள்ள சுவரின்மேல் விழும். இத்தாலி உள்ளிட்ட எட்டு நாடுகளின் இக்கல்லடுக்குக் கலையை 2018-இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக ஏற்றது.

1874 வரை இவ்வூர்களை வெளியுலகோடு இணைத்தவை படகும், கோவேறு கழுதை செல்லும் மலைப்பாதையுமே. அவ்வாண்டில் இருப்புப்பாதை வந்தது. மலையைக் குடைந்தே அது வந்தது. ஆகவே வண்டியில் செல்பவர்க்கு இருள், ஒரு கணம் நீலக்கடல், மீண்டும் இருள் என்றே காட்சிகள் மாறும். 1998-இல் முழுமையுற்ற கொங்கண் இருப்புப்பாதையில் சென்றவர்க்கு இவ்வனுபவம் புதிதன்று. ரியோமஜோரேயிலும் வெர்னாட்சாவிலும் நடைமேடையின் ஒரு பகுதி சுரங்கப்பாதைக்குள்ளேயே இருக்கிறது. கடைப்பெட்டியில் இருந்த நாங்கள் இருளில் வண்டி நின்றதை நிலையமென்று அறியாமல் அமர்ந்திருந்து, அடுத்த ஊரில் இறங்கித் திரும்பி வந்தோம்.

இந்தப் பாதை ஊருக்கு நன்மையா, தீமையா? எங்களிடையே வழக்கு இங்குதான் மூண்டது. பொறியியலார் சொன்னார்: "மருத்துவரும் பள்ளியும் சந்தையும் எட்டும் தூரத்தில் வந்தது இதனால்தானே?" ஆசிரியர் சொன்னார்: "வந்தவற்றை எண்ணுகிறீர், போனவரை எண்ணவில்லையே!" இரண்டும் உண்மை. 1869-இல் திறக்கப்பட்ட லா ஸ்பெட்சியாவின் கடற்படைத் தொழிற்சாலை மாதச் சம்பளம் தந்தது. இரயில் அங்கே கொண்டு சேர்த்தது. முதுகில் கூடை சுமந்து மலையேறும் உழைப்பை இளைஞர் படிப்படியாகக் கைவிட்டனர். சென்ற நூற்றாண்டில் அடுக்கு வயல்களின் பெரும்பகுதி புதர் மண்டிற்று.

1997-இல் இப்பகுதி உலக மரபுச் சின்னமாயிற்று. 1999-இல் தேசியப் பூங்காவாயிற்று. அதே இரயில் இப்போது உலகமெங்குமிருந்து மக்களைக் கொண்டுவந்து இறக்குகிறது. நிலையாக வாழ்வோர் சில ஆயிரம் பேரே. ஆண்டுதோறும் வந்து போவோரோ பல இலட்சம். வீடுகள் விடுதிகளாயின. ஆனால் விடுதியில் ஓரிரவு தங்குபவர் சுவரின் கல்லை எடுத்து வைப்பதில்லை.

அதன் விலையை 2011-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் வசூலித்தது. சில மணி நேரம் கொட்டிய பெருமழையில் மலைச்சரிவுகள் கரைந்து இறங்கின. வெர்னாட்சாவின் கடைத்தெரு மூடப்பட்ட ஓர் ஓடையின் மேல் அமைந்தது. அது சேற்றாறாக மாறி, தரைத்தளம் முழுவதையும் கல்லாலும் மண்ணாலும் நிரப்பிற்று. மொன்தெரோசோவும் சிதைந்தது. உயிர்களும் போயின. அண்மைக் காலத்தில் கைவிடப்பட்ட வயல்களே மிகுதியும் சரிந்தன என்பதைப் பின்னர் ஆய்ந்தோர் கண்டனர். மறு ஆண்டில் ரியோமஜோரேயையும் மனரோலாவையும் இணைக்கும் 'காதலர் பாதை'யில் பாறை விழுந்து சிலர் காயமுற்றனர். மூடப்பட்ட அப்பாதை 2024-இல்தான் மீண்டும் திறந்தது.

மனரோலாவின் மேலே ஒரு தோட்டத்தில் முதியவர் ஒருவர் சரிந்த சுவரைச் சீர்செய்துகொண்டிருந்தார். அவர் மொழி எங்களுக்குத் தெரியாது. எங்கள் மொழி அவருக்குத் தெரியாது. ஒரு கல்லை எடுப்பார், கையில் திருப்பிப் பார்ப்பார், வைப்பார், பொருந்தாவிடின் எடுத்து வேறொன்றைத் தேடுவார். அருகே, அறுவடைக் காலத்தில் திராட்சைக் கூடைகளை ஏற்றிச் செல்லும் ஒற்றைத் தண்டவாளம் ஒன்று மலைமேல் ஏறிச் சென்றது. எங்கள் பொறியியலார் அதனையும் முதியவரையும் மாறிமாறிப் பார்த்தார். "தண்டவாளம் குற்றவாளி அன்று, எந்தப் பக்கம் ஆள் போகிறான் என்பதே கேள்வி" என்றார். ஆசிரியர் மறுக்கவில்லை.

எங்கள் பயணம் ஜெனோவாவில் முடிந்தது. 1543-இல் கட்டப்பட்ட கலங்கரை விளக்கத்தைக் கண்டோம். கொலம்பஸ் பிறந்த அந்நகரில் சைவ உணவினர்க்குக் கவலையில்லை. கொண்டைக்கடலை மாவை எண்ணெயிற் கலந்து பெரிய தட்டில் சுட்ட 'ஃபரினாதா' பசியாற்றும். திருநீற்றுப்பச்சிலையையும் பூண்டையும் பாலாடைக்கட்டியையும் கல்லுரலில் இடித்த 'பெஸ்தோ' நம் துவையலுக்கு உறவு.

இரயிலேறி ஊரை விட்டு வந்தவர் நாமும்தாம். வந்தது தவறன்று, வாழ வந்தோம். ஆயினும் ஏரிக்கரையை ஊரார் கூடிச் செப்பனிடும் குடிமராமத்து என்னும் பழவழக்கம் நம்மிடம் இருந்ததை, அம்முதியவரின் கைகள் எங்களுக்கு நினைவூட்டின. அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, வீட்டுக்கு வேண்டுவனவற்றோடு ஏரிக்கரையின் நிலையையும் ஒரு மாலைப்பொழுது சென்று பார்த்து வருவோம். ஒரு கல் நழுவியிருந்தால் எடுத்து வைப்பதற்கு இரண்டு கைகள் போதும்.