உங்களுக்குத் தெரியுமா? ஆயில் மாற்றிய மறுநாள் காலை

திருப்பத்தூரிலிருந்து ஜவ்வாது மலை ஏறினால் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று மூன்று ஊராட்சிகள் உண்டு. பெயரிலேயே நாடு இருக்கிறது. நெல்லிவாசல்நாட்டில் உறவுக்காரர் வீட்டு வாசலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை என் பழைய காருக்கு நானே ஆயில் மாற்றினேன். மறுநாள் காலை காபி ஆறுவதற்குள் அந்த வீட்டுச் சிறுவன் ஓடி வந்தான்: "மாமா, உங்க வண்டி ராத்திரி ஒண்ணுக்குப் போயிருக்கு!" சாணம் மெழுகிய வாசலில் கறுப்பாக ஒரு குளம். அன்று கற்றதும் அதற்குப் பிறகு தெரிந்துகொண்டதும்தான் இந்த வாரத் துணுக்குகள்.

● ஆயில் மாற்றிய கையோடு ஒழுக ஆரம்பித்தால், இன்ஜின் கெட்டுவிட்டது என்று முதலில் நினைக்காதீர்கள். கை பட்ட இடம் மூன்றுதான்: அடியில் டிரெயின் போல்ட், பக்கவாட்டில் ஃபில்டர், மேலே ஆயில் ஊற்றும் மூடி. நேற்று வரை காய்ந்து கிடந்த வண்டி இன்று ஒழுகுகிறது என்றால், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் குற்றவாளி. கிராங்க் ஆயில் சீல் போயிருக்கும், இன்ஜினை இறக்க வேண்டும் என்று யாராவது ஆரம்பித்தால், இந்த மூன்றையும் பார்த்த பிறகு பேசலாம் என்று சொல்லிவிடுங்கள்.

● கார் டயரில் இருக்கும் காற்றழுத்தத்தைவிட ஆயில் ஃபில்டருக்குள் இருக்கும் அழுத்தம் அதிகமாக இருக்கலாம். சிறிய கார்களின் டயரில் 30 முதல் 33 பி.எஸ்.ஐ. காற்று. ஆறிய இன்ஜினைக் கிளப்பியதும் ஆயில் கெட்டியாக இருப்பதால் ஃபில்டரில் 60ஐயும் தாண்டும். ஆனால் அடியில் இருக்கும் ஆயில் சேம்பரில் இந்த அழுத்தம் கிடையாது. பானைத் தண்ணீர் மாதிரி சும்மா தேங்கி நிற்கிறது, அவ்வளவுதான். இதிலிருந்தே பாதித் துப்பு கிடைத்துவிடும். வண்டி ஓடும்போது பீறிட்டு, அணைத்ததும் அடங்கினால் ஃபில்டர் பக்கம் பாருங்கள். அணைத்து வைத்த பிறகும் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே இருந்தால் பெரும்பாலும் டிரெயின் போல்ட். இன்ஜின் மேலிருந்து கீழ் வரை எண்ணெய்க் குளியல் போட்டிருந்தால் மூடியை மறந்துவிட்டீர்கள். அது ஏர் ஃபில்டர் டப்பாவின் மேலேயே உட்கார்ந்திருக்கும்.

● என் வண்டிக்கு வந்தது இரட்டை ரிங் வியாதி. பழைய ஃபில்டரைக் கழற்றும்போது அதன் வாயில் இருக்கும் ரப்பர் ரிங் சில சமயம் கூடவே வராது. வருடக்கணக்கில் சூட்டில் வெந்து, இன்ஜின் பக்கத்து உலோகத்தோடு ஒட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிடும். கறுப்பு உலோகத்தில் கறுப்பு ரிங், கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் புது ஃபில்டரைப் போட்டால் ரப்பர் மேல் ரப்பர். முறுக்கும்போது இறுகுவது போலவே இருக்கும். ஆயிலின் அழுத்தம் ஏறியதும் ஒரு ரிங் பிதுங்கி வெளியே நழுவும். முழுக்க நழுவினால் சில நிமிடங்களில் சேம்பரே காலியாகிவிடும்.

அன்று காலை ஃபில்டரை மறுபடி கழற்றி, விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன். நகம் இடறியது. ஸ்குரூடிரைவரால் நெம்பியதும் வந்தது: தட்டையாகி, ஓரம் வெடித்து, வளைத்தால் முறியும் அளவுக்கு விறைத்த ஒரு வளையம். பக்கத்தில் புது ரிங்கை வைத்துப் பார்த்தால் பாட்டியும் பேத்தியும் மாதிரி இருந்தது. ரிங்கில் குற்றமில்லை. கழற்றிய ஃபில்டரைத் திருப்பி அதில் ரிங் இருக்கிறதா என்று பார்க்க எனக்கு இரண்டு விநாடி ஆகியிருக்கும். நான் அதை நேரே குப்பைப் பையில் போட்டிருந்தேன்.

● ஃபில்டரை ஸ்பேனர் போட்டு இறுக்கக் கூடாது. கழற்றத்தான் கருவி, மாட்டக் கை போதும். புது ரிங்கில் விரலால் துளி ஆயில் தடவி, ரிங் தொட்ட பிறகு முக்கால் சுற்று. பல ஃபில்டர்களின் மேல் படமாகவே அச்சிட்டிருக்கிறார்கள், யாரும் பார்ப்பதில்லை.

● பெரும்பாலான சிறிய கார்களில் டிரெயின் போல்ட்டுக்கு 25 முதல் 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு போதும். 30 என்றால் எவ்வளவு? 20 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் 15 கிலோ சாமை மூட்டையைத் தொங்கவிட்டால் வரும் இழுப்பு. ஆனால் நம் ஆட்கள் காலால் மிதித்து இறுக்குவார்கள். போல்ட் இரும்பு, சேம்பர் பல வண்டிகளில் அலுமினியம். யார் தோற்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. "திரெட் போச்சு" என்று மெக்கானிக் சொல்லும் வார்த்தை, ஒரு வாஷரை மிச்சம் பிடித்ததற்கான தண்டமாக இருக்கும்.

● ஆயிலை நிறுத்துவது போல்ட் அல்ல, அதன் கழுத்தில் இருக்கும் வாஷர். செம்பிலோ அலுமினியத்திலோ செய்த அந்த வில்லை நசுங்குவதற்கென்றே பிறந்தது. ஒரு தடவை நசுங்கி, மேடு பள்ளத்தை நிரப்பி, இறுகிவிடும். அடுத்த தடவை நசுங்க அதில் எதுவும் மிச்சமிருக்காது. ஒவ்வொரு தடவையும் புது வாஷர் போடச் சொல்வது அதனால்தான்.

● மலையில் வாஷர் கிடைக்காவிட்டால்? செம்பு வாஷருக்கு மட்டும் பழைய பட்டறைக்காரர்களின் வைத்தியம் ஒன்று உண்டு. விறகடுப்புத் தணலில் வைத்து மங்கிய சிவப்பாகும் வரை காய்ச்சி, தண்ணீரில் போட்டால் செம்பு மறுபடி இளகிவிடும். இரும்பை இப்படிச் செய்தால் விறைக்கும். செம்பு இதில் நேர்மாறு. மேலே படியும் கருப்பை உப்புத்தாளில் தேய்த்துவிட்டுப் போடலாம். அலுமினிய வாஷரிடம் இந்த விளையாட்டு வேண்டாம், சிவக்கும் முன்பே உருகிவிடும்.

● ஒரு சின்ன ரப்பர் வளையத்தால் 172 பேர் கடலில் விழ இருந்தார்கள். 1983 மே 5 அன்று மயாமியிலிருந்து பஹாமாஸின் நசாவுக்குக் கிளம்பிய ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 855 விமானத்துக்கு இன்ஜின் மூன்று. புறப்படும் முன் நடந்த பராமரிப்பில், ஆயிலில் உலோகத்தூள் இருக்கிறதா என்று காட்டும் கருவிகளைக் கழற்றி மாட்டியவர்கள், மூன்று இன்ஜினிலும் ஓ-ரிங் போடவில்லை. நடுவானில் ஒரு இன்ஜினின் ஆயில் அழுத்தம் விழுந்தது. அதை அணைத்துவிட்டு மயாமிக்குத் திரும்பினார்கள். வழியில் மற்ற இரண்டும் நின்றன. பயணிகள் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு காத்திருக்க, விமானம் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டே வந்தது. 4,000 அடி உயரத்தை ஒட்டி, முதலில் அணைத்த அந்த இன்ஜினே மறுபடி உயிர்பெற, ஒற்றை இன்ஜினில் தரையிறங்கினார்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

இதில் என்னை உலுக்குவது மூன்று இன்ஜினிலும் ஒரே தவறு நடந்ததுதான். ஒரே ஆட்கள், ஒரே வேலை நேரம், ஒரே மறதி. மூன்று இன்ஜின் வைத்ததன் பயனே போயிற்று.

● ஆயில் வாடை வந்தால் கசிவு என்று அர்த்தமில்லை. ஃபில்டரைக் கழற்றும்போது அரை டம்ளர் ஆயிலாவது வழியும். அது சைலன்சர் குழாயில் பட்டிருந்தால் சூடேறியதும் புகையும், வாடையும் வரும். அடித்தட்டில் தேங்கியிருந்தால் இரண்டு நாள் சொட்டும். பனியன் வேஸ்ட்டால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். துடைக்காமல் தேடுவது வீண். புகை நிற்கும் வரை காய்ந்த சருகின் மேல் மட்டும் வண்டியை நிறுத்தாதீர்கள். கோடையில் இந்த மலை முழுக்கச் சருகுதான்.

● குழந்தைக்குப் பூசுகிற டால்கம் பவுடர், கசிவு பிடிக்கும் துப்பறிவாளர். இன்ஜின் ஆறிய பிறகு சந்தேகப்படும் இடத்தை நன்றாகத் துடைத்து, பவுடரைத் தூவி, ஐந்து நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு அணையுங்கள். வெள்ளையில் கறுப்புக் கோடு ஒன்று இறங்கியிருக்கும். அந்தக் கோட்டின் மேல் முனைதான் ஊற்றுக்கண். ஓட்டத்தில் வரும் காற்று ஆயிலைப் பின்னால் தள்ளிவிடுவதால், சொட்டு விழும் இடத்தை மட்டும் நம்பினால் கியர் பாக்ஸைச் சந்தேகப்பட நேரிடும்.

● தரையில் இருப்பது ஆயில்தானா? பழுப்பும் கறுப்பும் இன்ஜின் ஆயில். பச்சையோ இளஞ்சிவப்போ இருந்து, தொட்டால் தண்ணீர் போல இருந்தால் கூலன்ட். சிவப்பு என்றால் பவர் ஸ்டீயரிங் அல்லது ஆட்டோ கியர் ஆயில். நிறமில்லாத தண்ணீர் ஏ.சி.யில் இருந்து வந்தது, கவலை வேண்டாம். சக்கரத்தின் உள்பக்கம் வெளிர்மஞ்சளாகப் பிசுபிசுத்தால் பிரேக் ஆயில். அந்த வண்டியை மலையிலிருந்து இறக்காதீர்கள்.

● மலையூரில் ஆயில் அளவுக் குச்சி பொய் சொல்லும். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஐந்து பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால்தான் அது உண்மை பேசும். குச்சி இன்ஜினின் முன்பக்கம் இருக்கும் வண்டியை, மூக்கு மேட்டைப் பார்க்க நிறுத்தினால் ஆயில் பின்னால் ஓடிவிடும். குச்சியில் குறைவாகக் காட்டும். நெல்லிவாசல்நாட்டில் சமதளம் தேடுவது தனி வேலை. வாசலே சரிவு, சாலையே சரிவு. கடைசியில் கேழ்வரகு அடிக்கிற களம் ஒன்று கிடைத்தது. தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைத்து, உள்ளே இருக்கும் காற்றுக்குமிழி எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து நிறுத்தினேன். வாசலில் "குறைவு" என்று காட்டிய குச்சி, களத்தில் "சரி" என்றது. முந்தின நாள் வாசல் கணக்கை நம்பி இன்னும் அரை லிட்டர் ஊற்ற இருந்தவன் நான்; பாட்டிலில் தீர்ந்துபோனதால் தப்பித்தேன்.

● கூடுதலாக ஊற்றினாலும் ஒழுகும். ஆயில் மட்டம் ஏறினால், சுழலும் கிராங்க் அதை மோர் கடைவது போலக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை பிரீதர் குழாய்க்குள் போய், உள்ளழுத்தம் ஏறி, வயதான சீல்கள் வழியே கசிய ஆரம்பிக்கும். அப்போது எந்த போல்ட்டை இறுக்கியும் பயனில்லை. கொஞ்சம் ஆயிலை வெளியே எடுப்பதுதான் மருந்து.

● பெரும்பாலான கார்களில் குச்சியின் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு லிட்டர். 20 சொட்டு ஒரு மில்லி என்று வைத்துக்கொண்டால், பத்து விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் ஒரு நாளில் 430 மில்லி போய்விடும். மூன்றாம் நாள் மலை இறங்கும்போது நீங்கள் கீழ்க்கோட்டில் இருப்பீர்கள்.

● டேஷ்போர்டில் எரியும் சிவப்பு ஆயில் சட்டி விளக்கு, ஆயில் குறைந்ததைச் சொல்வதில்லை. அழுத்தம் செத்ததைச் சொல்கிறது. அது எரிந்தால் அடுத்த ஊர் வரை ஓட்டிப் பார்க்கலாம் என்ற யோசனையே கூடாது. ஓரம் கட்டி இன்ஜினை அணைக்க வேண்டியதுதான். சரிவில் இன்ஜினை அணைத்தால் பிரேக் மிதி கல்லாகும், ஸ்டீயரிங் கனக்கும். எனவே முதலில் நிறுத்துங்கள், பிறகு அணையுங்கள்.

● சிலிகான் பேஸ்ட்டை டிரெயின் போல்ட்டில் பூசுகிறவர்கள் உண்டு. பிதுங்கி உள்ளே விழும் துணுக்கு, ஆயில் பம்ப் உறிஞ்சும் வலையில் போய் அடைத்துக்கொள்ளும். கசிவு நின்றுவிடும், இன்ஜினும் ஒரு நாள் நின்றுவிடும்.

● ஆயில் ஃபில்டர் காரோடு பிறந்ததல்ல. ஆரம்பகாலக் கார்களில் ஃபில்டரே கிடையாது. 1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லண்ட் உருவாக்கிய 'பியூரோலேட்டர்' தான் வழி திறந்தது. பெயரைப் பிரித்தால் 'பியூர் ஆயில் லேட்டர்'.

● பாட்டிலில் 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கிறதே, அந்த டபிள்யூ எடை அல்ல. விண்டர், அதாவது குளிர்காலம். நம் மார்கழிக்கு அந்த முன்னெண் பெரிய விஷயமில்லை. பின்னெண்ணைப் பாருங்கள், இன்ஜின் சூடான பிறகு ஆயில் எவ்வளவு கெட்டி என்பது அதில்தான் இருக்கிறது.

● வடித்த ஆயிலை என்ன செய்வது? வேலிக் கம்பத்தில் கரையானுக்குப் பூசுவார்கள், ஓடையோரம் கொட்டுவார்கள். ஒரு பங்கு பழைய ஆயில் பத்து லட்சம் பங்கு நல்ல தண்ணீரைக் கெடுக்கும் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்லும் கணக்கு. இந்த மலையில் பிறக்கும் செய்யாறு பாலாற்றில் கலக்கிறது. மேலே கொட்டுகிறவருக்குக் கீழே குடிக்கிறவர்கள் யாரென்று தெரியாது. 2024 ஏப்ரல் 1 முதல், ஆயில் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் பழைய ஆயிலின் மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்ற மத்திய அரசின் விதி நடப்பில் இருக்கிறது. நான் என்னுடையதைப் பழைய ஆயில் கேனிலேயே ஊற்றி, மூடியை இறுக்கி, டிக்கியில் வைத்துத் திருப்பத்தூருக்கு இறக்கினேன். பழைய ஆயில் வாங்கும் பட்டறைக்காரர் அதைத் தூக்கிப் பார்த்து, "இவ்வளவுதானா?" என்றார்.

வாசலில் கிடந்த குளத்தின் மேல் அடுப்புச் சாம்பலும் உமியும் போட்டு, ஊறவிட்டு, அள்ளினோம். தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தால் பரவியிருக்கும். மறுபடி மெழுகியது உறவுக்காரர் வீட்டு அம்மா. ஒரு வார்த்தை பேசவில்லை, அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அன்றிரவு காருக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் எனக்கு முன்பே சிறுவன் அங்கே குந்தியிருந்தான். பேப்பரில் ஆயில் சொட்டு எதுவும் இல்லை. கோழி ஒன்று குறுக்கே நடந்து போன தடம் மட்டும் இருந்தது.